குடிச்சாலும் வீட்டை வா

தம்பி,

நாளைக் காலைப் படகுக்கு நீ புறப்படப் போகிறாய். முற்றத்தில் அப்பா உன் பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருக்கிறார். புதுப் பெட்டிக்கு எதற்குக் கயிறு என்று கேட்டால் கோபம் வரும் என்பதால் நான் கேட்கவில்லை. படித்த பல்கலைக்கழகத்திலேயே உன்னைத் தற்காலிக விரிவுரையாளராக எடுத்திருக்கிறார்கள், கூடவே ஆண்கள் விடுதி ஒன்றுக்கும் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று நீ சொன்ன நாளிலிருந்து இந்த வீட்டில் சந்தோசத்துக்குக் குறைவில்லை. முன்பள்ளியில் என்னிடம் படிக்கும் குஞ்சுகளுக்குக்கூடச் சொல்லிவிட்டேன். அவர்களுக்கு விரிவுரையாளர் என்றால் என்னவென்று விளங்கவில்லை. "அப்ப ரொபி தருவியளோ ரீச்சர்?" என்று கேட்டார்கள். ஆளுக்கொரு இனிப்புக் கொடுத்தேன்.

நேற்றுச் சாப்பிடும்போது நீ சொன்ன ஒன்றுதான் என்னை இப்போது எழுத வைத்திருக்கிறது. "முதல் நாளே கண்டிப்பாச் சொல்லிப்போடுவன் அம்மா. ஆற்றையும் அறையிலை போத்தலோ சிகரெட்டோ பிடிபட்டா அண்டைக்கே வெளியாலை. மன்னிப்பு எண்ட கதையே இல்லை" என்றாய். அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், நீ மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாய். நீ ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அந்தச் சனிக்கிழமை உன்னை விட்டு இன்னும் போகவில்லை. அதைப் பற்றி இந்த வீட்டில் கதைக்க நீ ஒருநாளும் விட்டதில்லை. தொடங்கினாலே எழும்பிக் கடற்கரைப் பக்கம் போய்விடுவாய். கடிதத்தை விட்டு எழும்பிப் போனாலும் அது மேசையில் அப்படியே கிடக்கும், திரும்பி வந்து வாசிப்பாய். உன் விடுதிக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் தாய்தகப்பன் வாசித்தாலும் எனக்குச் சம்மதம். அன்றைக்கு நீ என்ன செய்தாய் என்று உனக்கே சரியாகத் தெரியாது என்று நினைக்கிறேன். நான் பார்த்துக்கொண்டிருந்தவள்.

நீ முதலாம் வருடம் முடிந்து விடுமுறைக்கு வந்தபோது உன் சட்டையைத் தோய்க்க எடுத்தேன். சவர்க்காரம் போட முதலே சிகரெட் மணந்தது. "பத்திறனியோ?" என்று அப்போதே கேட்டேன். "சீச்சீ, பக்கத்து அறைப் பெடியன் பத்திறவன் அம்மா, அந்த மணம்" என்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லும்போது உனக்கு வலது காது சிவக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சிவந்த காதைப் பார்த்துக்கொண்டே "சரி" என்று சொல்லிவிட்டுத் தோய்த்தேன். உள்ளதையெல்லாம் நீ எனக்குச் சொன்னது பிறகு, யாழ்ப்பாண ஆஸ்பத்திரி விறாந்தையில் நாங்கள் இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தபோதுதான். புதுப் பிள்ளைகளை வரவேற்கிறோம் என்று சீனியர்மார் கோப்பையை நீட்டுவார்களாம். வேண்டாம் என்றவனைக் கதிரையில் ஏற்றிப் பாட விடுவார்களாம். உனக்கோ பாட்டு அறவே வராது. இரண்டு தடவை பாடினாய், எல்லாரும் சிரித்தார்கள், மூன்றாம் தடவை பாடுவதைவிடக் குடிப்பது லேசு என்று நினைத்தாயாம். சிகரெட் வேறு வழியால் வந்தது. சோதனைக் காலத்தில் நித்திரை வராமலிருக்கவென்று விடுதி வாசலுக்கு எதிரிலிருந்த கடையில் ஒவ்வொன்றாக வாங்கினாய். "படிக்கிறதுக்காகத்தான் அம்மா பத்தத் தொடங்கினனான்" என்று நீ சொன்னபோது அந்த இடத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சோதனை முடிந்தால் சாராயம், பிறகு சோதனை தொடங்கினாலும் சாராயம், கிரிக்கெட்டில் வென்றாலும் தோற்றாலும் சாராயம் என்று அது எப்படி வளர்ந்தது என்பதையும் சொன்னாய். ஒருவனும் உன்னைக் கட்டிவைத்து ஊற்றவில்லை. நண்பர்கள் நல்ல பிள்ளைகள், அதுதான் சிக்கலே என்றாய். கெட்ட பிள்ளைகள் என்றால் விலகியிருப்பாயாம்.

அந்த நல்ல பிள்ளைகளில் இரண்டு பேரைத்தான் இரண்டாம் வருடச் சோதனை முடிந்த கையோடு நெடுந்தீவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாய். கஜன் உனக்கு ஒரு வருடம் மூத்தவன், வாய் ஓயாதவன், படகிலிருந்து இறங்கும்போதே அப்பாவோடு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் எஞ்சினைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டான். பிரதீபன் உன் அறைத்தோழன், வவுனியாப் பிள்ளை, மெல்லிய தேகம், பேச்சும் மெல்லியது. வந்த அன்றே குசினிக்குள் வந்து எனக்கு வெங்காயம் உரித்துத் தந்தான். தேத்தண்ணீர் கொடுத்தால் "எனக்குச் சீனி போடாதேங்கோ அம்மா, இனிப்பு விருப்பமில்லை" என்பான். சாப்பிட வரமுதல் கொஞ்ச நேரம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவான். கூச்சப்படுகிற பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் காட்டுக் குதிரைகளைப் பார்க்கப் போகிறோம், கரையில் மீன் சுட்டுச் சாப்பிடுவோம், எங்களுக்குச் சமைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்று பேரும் போனீர்கள். நீங்கள் எப்போது வந்து படுத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. விடிந்து வெயில் ஏறிய பிறகு நீயும் கஜனும் எழும்பி வந்து முகம் கழுவினீர்கள். கண் இரண்டு பேருக்கும் சிவப்பு. பிரதீபன் எழும்பவில்லை. தேத்தண்ணீரைக் கொண்டுபோய் அவனை எழுப்பப் பார்த்தேன். சட்டை முழுக்க வியர்வையில் ஊறியிருந்தது, ஆனால் தொட்டால் உடம்பு ஐஸ் மாதிரிக் குளிர். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எதையோ முனகினான், கையை வீசி என்னைத் தள்ளினான். அந்தப் பிள்ளை என்னைத் தள்ளக்கூடியவனில்லை.

வாசலில் வந்து நின்ற கஜன்தான் முதலில் வாய் திறந்தான். "அம்மா, அவனுக்கு ராத்திரிக் கொஞ்சம் கூடிப்போச்சு. விடுங்கோ, நித்திரை கொண்டால் சரியாயிடும். கம்பஸிலை நாங்கள் எத்தினை பேரைப் பாத்திருக்கிறம்."

குடித்திருக்கிறீர்கள் என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. நான் உன்னைப் பார்த்தேன். நீ நிலத்தைப் பார்த்தாய். பிறகு ஜன்னலால் முற்றத்தைப் பார்த்தாய். அங்கே அப்பா நின்றார். அப்பாவின் சட்டம் உனக்குத் தெரியும். தன் தமையனைக் குடியில் பறிகொடுத்தவர் அவர். "குடிச்சிட்டு ஒருதரும் என்ரை படலைக்குள்ளை வரக்கூடாது" என்று நீ பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்தே சொல்லி வந்தவர். கஜன் உன் மணிக்கட்டைப் பிடித்து, எனக்குக் கேட்காது என்று நினைத்து, "சொல்லாதை மச்சான். அவன் தானே ஒருதருக்கும் சொல்லாதை எண்டவன்" என்றான். நீ நின்ற நிற்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் நண்பனுக்குக் கொடுத்த வாக்கு. பிறகு கஜனின் கையை உதறிவிட்டுச் சொன்னாய்:

"அம்மா, அவனுக்குச் சலரோகம். சின்னனிலை இருந்து இன்சுலின் ஊசி போடுறவன். நேற்றுப் பின்னேரமும் போட்டவன். கரையிலை குடிச்சது மட்டும்தான், ஒரு வாய் சாப்பிடேல்லை."

நான் டொக்டர் இல்லை, ஆனால் ஊசி போட்டவன் சாப்பிடாமல் இருந்தால் சீனி இறங்கும் என்றளவுக்குத் தெரியும். வாய்க்குள் எதையும் ஊற்றப் பயமாக இருந்தது, புரைக்கேறிவிடும். கொஞ்சம் சீனியை நனைத்து அவன் கன்னத்தின் உட்பக்கமாகத் தேய்த்தேன். அதற்குள் நீ முற்றத்துக்கு ஓடிவிட்டாய். ஜன்னலால் பார்த்தேன். அப்பாவுக்கு முன்னால் நின்று, "அப்பா, நாங்கள் ராத்திரிக் குடிச்சனாங்கள். பிரதீபன் அறிவு நினைவில்லாமல் கிடக்கிறான்" என்றாய். அப்பாவின் கையில் சாவி இருந்தது. உன்னை அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் லான்ட்மாஸ்டரை ஸ்டார்ட் செய்தார்.

லான்ட்மாஸ்டர் இழுக்கும் பெட்டியில் ஒரு பாயை விரித்துப் பிரதீபனை ஏற்றினோம். அவன் தலை என் மடியில், கால்கள் உன் மடியில். கல்வேலிகளுக்கு நடுவே அந்தக் குண்டும் குழியுமான பாதையில் அவன் தலை அடிபடாமல் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. பாதி வழியில் அவன் உடம்பு விறைத்து இழுத்தது. நீ "அப்பா, கெதியா, கெதியா" என்று கத்தினாய். அப்பா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "என்ன குடிச்சவன், எவ்வளவு குடிச்சவன், எப்ப ஊசி போட்டவன், எல்லாத்தையும் டொக்டரிட்டைச் சொல்லு. ஒண்டும் ஒளிக்காதை. எங்கடை கதையைப் பிறகு கதைக்கலாம்."

எங்கள் ஆஸ்பத்திரியில் அன்று இருந்தவர் உன்னைவிட நாலைந்து வயது மூத்த ஒரு பெண் டொக்டர். பின்னால் சைக்கிளில் வந்து சேர்ந்த கஜன் மூச்சு வாங்கிக்கொண்டே, "வெயிலிலை நிண்டவன் டொக்டர், மயங்கிட்டான்" என்றான். பாவம், அவனும் பயந்த பிள்ளைதான். நீ அவனை விலக்கிவிட்டு முன்னால் போய், ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னாய். டொக்டர் அவன் விரல் நுனியில் குத்திச் சீனி அளவைப் பார்த்துவிட்டுத் தாதியிடம் ஏதோ சொன்னார். உடனே கையில் ஊசியைக் குத்தி மருந்தை ஏற்றினார்கள். பிறகு எங்களிடம் வந்து, "நல்ல காலம், சொன்னீர்கள். குடிவெறி என்று படுக்க விட்டிருந்தால் பிள்ளை எழும்பியிருக்கவே மாட்டார்" என்றார். பிரதீபன் கண்ணைத் திறந்தான். ஆனால் தான் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை, உன் பெயர் வாயில் வரவில்லை. கனநேரம் சீனி இறங்கிக் கிடந்திருக்கிறது, வலிப்பும் வந்திருக்கிறது, இனி இங்கே வைத்திருக்க ஏலாது, யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும் என்றார் டொக்டர்.

சோளகக் காற்றுப் பெயர்ந்து கடல் கொந்தளித்த நாள் அது. குறிகட்டுவான் இறங்குதுறை போய்ச் சேரும்வரை படகு தூக்கித் தூக்கிப் போட்டது. சேலைன் பையைத் தொங்கவிட அந்தப் படகில் வசதியான இடம் இல்லை. நீ அதைக் கையில் வாங்கி உயர்த்திப் பிடித்தாய். கூட வந்த தாதி, "மாறி மாறிப் பிடிப்பம் தம்பி, கை விறைச்சிடும்" என்றார். நீ கொடுக்கவில்லை. கடல் தண்ணீர் உன் முகத்தில் அடித்தது, துடைக்க உனக்குக் கை இல்லை. ராத்திரிக் குடித்த வயிறு. நடுவில் ஒருதரம் சத்தி எடுத்தாய், அப்போதும் பையை உயர்த்தியபடியே தலையை மட்டும் வெளியே நீட்டினாய். அப்பா உன் பின்னால் வந்து நின்று, உன் இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கரை சேரும்வரை விடவில்லை. நீ கைக்குழந்தையாய் இருந்த காலத்துக்குப் பிறகு அவர் உன்னை அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

பிரதீபனின் தாய் பின்னேரம் போல வவுனியாவிலிருந்து வந்தார். தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், வேலை உடுப்போடேயே பஸ் ஏறியிருக்கிறார், தோளில் நூல் ஒட்டியிருந்தது. மகனைப் பார்த்துவிட்டு விறாந்தைக்கு வந்து உனக்கு முன்னால் நின்றார். நானும் எழும்பினேன். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும் என்று நினைத்தேன்.

"நீயும் குடிச்சனியோ?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா."

"அவன்ரை வருத்தம் உனக்குத் தெரியுமோ?"

"தெரியும். ஒரே அறைதானே, ஊசி போடேக்கை கண்டனான். எனக்கும் கஜனுக்கும் மட்டும்தான் தெரியும், வேறை ஒருதருக்கும் சொல்ல வேண்டாம் எண்டவன். சொன்னால் பகிடி பண்ணுவினம், ஒண்டுக்கும் கூப்பிடமாட்டினம் எண்டு பயந்தவன்."

அந்த மனிசி சுவரில் சாய்ந்தார். பிறகு, "எனக்கும் சொன்னவன் ராசா. கம்பஸிலை ஒருதருக்கும் தெரியாது அம்மா, நான் மற்றப் பெடியளைப் போலத்தான் இருக்கிறன் எண்டு. நான் சந்தோசப்பட்டனான். கடவுளே, நான் சந்தோசப்பட்டனான்" என்று சொல்லி அழுதார். நீ அவருடைய பையை வாங்கிக்கொண்டு நின்றாய். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தவர் உன்னிடம் கேட்டது, "காலமையிலை இருந்து ஏதும் சாப்பிட்டியோ?" என்றுதான். அப்போதுதான் நீ அழுதாய். அதுவரை நீ அழவில்லை.

அப்பா அந்த நேரம் அங்கே இல்லை. கஜன் உள்ளே வர வெட்கப்பட்டு வாசல் மரத்தடியில் குந்தியிருந்தான். அப்பா அவனுக்குப் பணிஸும் தேத்தண்ணீரும் வாங்கிக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். கஜன் மேல் எனக்குக் கோபம் இல்லை, தம்பி. உனக்கும் இருக்கக் கூடாது. உன்னிடம் இருந்த அதே பயம்தான் அவனிடமும் இருந்தது. நீ அதைக் கொஞ்ச நேரத்தில் தாண்டினாய், அவனுக்கு ஒருநாள் முழுக்க எடுத்தது. மறுநாள் பிரதீபனின் தாயிடம் போய்த் தான் பொய் சொன்னதைச் சொன்னவன் அவன்தான். நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய்.

பிரதீபனுக்கு உன் பெயர் இரண்டாம் நாள் வந்தது. நினைவு பழையபடி வர மாதக்கணக்கில் எடுத்தது. ஒரு வருடம் பிந்தித்தான் பட்டம் எடுத்தான். இப்போது கச்சேரியில் அரசாங்க வேலை. புதிதாக யாரைக் கண்டாலும் பெயரைச் சொன்ன கையோடு "எனக்குச் சலரோகம், நான் மயங்கினால் சீனி தாங்கோ" என்று சொல்கிறானாம். போன மாதம் எனக்குத் தொலைபேசி எடுத்து, பெண் பார்க்கப் போன வீட்டிலும் அதைத்தான் முதலில் சொன்னதாகச் சொல்லிச் சிரித்தான். பெண் வீட்டார் அதற்காகவே ஓம் பட்டார்களாம்.

நீ குடியை அன்றோடு விட்டாய். அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. சிகரெட்தான் உன்னை விடவில்லை. அந்த விடுமுறை முழுக்க நீ கராம்பைச் சப்பிக்கொண்டு வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தாய். ஒன்றுமில்லாததற்கெல்லாம் என்னோடு எரிந்து விழுந்தாய். என் நல்ல கோப்பை ஒன்றையும் உடைத்தாய். திரும்பிப் போகும் நாள் குறிகட்டுவானில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பா உன்னோடு கதைத்தது உனக்கு மறந்திருக்காது. ஆனால் நேற்று நீ கதைத்த கதையைக் கேட்டபோது மறந்துவிட்டாயோ என்று எனக்குப் பட்டது. "குடிச்சிட்டு வராதை எண்டு நான் சொன்னது பிழையடா. என்ரை அண்ணையும் அப்பிடித்தான் வீட்டை வரப் பயந்து ரோட்டோரத்திலை கிடந்தவன். நீ குடியாதை. ஆனால் குடிச்சாலும் வீட்டை வா" என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. நீ ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினாய்.

கடைசி வருடச் சோதனைக்கு முதல் ஒருநாள் மத்தியானம் நீ எனக்குத் தொலைபேசி எடுத்தாய். நான் முன்பள்ளியில் பிள்ளைகளுக்கு மா உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "அம்மா, இண்டைக்கு ஒண்டு பத்தினனான்" என்றாய். இவ்வளவு நாளும் விட்டிருந்தவன். என் கையெல்லாம் மா. "சரி, நாளைக்கு?" என்று கேட்டேன். "நாளைக்குப் பாப்பம்" என்றாய். மறுநாள் எடுத்து, "இண்டைக்கு இல்லை" என்றாய். அதற்கு மறுநாளும் எடுத்தாய். நீ பட்டம் வாங்கிய படம் அறையில் மாட்டியிருக்கிறது, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். ஆனால் "இண்டைக்கு ஒண்டு பத்தினனான்" என்று நீ சொன்ன அந்தச் சொல்லைத்தான் நான் உள்ளுக்குள் வைத்திருக்கிறேன். அன்றைக்கு உன் காதைப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

இப்போது நீ கண்டிப்பான ஆளாக இருக்கப் போகிறாய். இரு. குடியும் புகையும் விடுதிக்குள் வேண்டாம் என்று சொல்லு, உரக்கவே சொல்லு, அது சரிதான். கோப்பை வாங்க மாட்டேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் அவனைக் கதிரையில் ஏற்றுகிறவர்களை விடாதே. ஆனால் "மன்னிப்பு எண்ட கதையே இல்லை" என்று முதல் நாளே நீ சொன்னால், அதற்காக அந்த விடுதியில் ஒருவனும் குடியை விடப் போவதில்லை. குடித்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்கப் போகிறார்கள், அவ்வளவுதான். பயத்தில் ஒருவன் மற்றவனின் மணிக்கட்டைப் பிடிப்பான். எல்லா அறையிலும் அதை உதறிவிட்டு வர ஒரு பிள்ளை இருப்பான் என்று எப்படி நம்புவது? அவன் வரக்கூடிய இடமாக நீ இரு. உன் கதவைத் தட்டினால் தண்டனைதான் என்று தெரிந்தாலும் தட்டலாம் என்று அவனுக்குத் தோன்ற வேண்டும்.

அப்படி ஒருநாள் ஒருவன் வருவான், தம்பி. வாய் மணக்கும், கால் நிலத்தில் நிற்காது, பயத்தில் வார்த்தை வராது. ஆர் வாங்கினது, ஆர் கொண்டுவந்தது என்று அந்த நேரம் அவனிடம் கேட்காதே. அதெல்லாம் பிறகு. "அறையிலை இன்னும் ஆர் படுத்திருக்கிறான்?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைப் போடு.

உன் அம்மா